மனித ஃபெரோமோன்: ஆய்வகம், அத்தர், புனைகதை

ஓர் உயிரியிலிருந்து வெளிப்பட்டு, அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரியின் நடத்தையையோ உடலியக்கத்தையோ குறிப்பிட்ட விதத்தில் மாற்றும் வேதிப்பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் ஆகிய இருவரும் 1959இல் இப்பெயரை முன்மொழிந்தனர். அதே ஆண்டில் அடால்ஃப் பூட்டெனான்டின் குழு, ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து ‘பாம்பிகால்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. வேதியமைப்பு தெரிந்த முதல் ஃபெரோமோன் அதுதான். பாலூட்டிகளிலும் இப்படிச் சில உண்டு. ஆசியப் பெண் யானையின் சிறுநீரில் உள்ள ஈர்ப்புப் பொருளும் பல விட்டில் இனங்கள் பயன்படுத்தும் பொருளும் ஒரே மூலக்கூறுதான் என்று 1996இல் கண்டறியப்பட்டது.

மனிதரில் இதுவரை ஒன்றுகூட ஐயமற நிறுவப்படவில்லை. எலிகளும் வேறு பல விலங்குகளும் இத்தகைய செய்திகளை உணரப் பயன்படுத்தும் வோமெரோநேசல் உறுப்பு நமக்குப் பெயரளவில்தான் இருக்கிறது. அது இயங்கத் தேவையான முக்கிய மரபணு ஒன்று மனிதரில் செயலிழந்துவிட்டது. சாதாரண மூக்கு வழியாகவும் ஃபெரோமோன் உணரப்படலாம் என்பதால் மட்டுமே இந்த ஆய்வு இன்னும் நடக்கிறது.

கஸ்தூரியும் ஒரு நோபல் பரிசும்

இத்துறையின் வரலாற்றில் வளைகுடாவின் அத்தர்க் கடைக்கும் பங்குண்டு. துபாய் தேராவின் வாசனைச் சந்தையில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் பெயர்களில் ஒன்று ‘மிஸ்க்’, அதாவது கஸ்தூரி. ஆண் கஸ்தூரிமானின் அடிவயிற்றுப் பையில் சுரக்கும் இப்பொருள், பெண் மானை ஈர்க்கவும் எல்லையைக் குறிக்கவும் பயன்படுவதாகக் கருதப்படுகிறது. மனிதர்கள் தங்களிடம் ஃபெரோமோன் உண்டா என்று கேட்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே மானின் ஈர்ப்புச் சுரப்பைக் கழுத்தில் பூசிக்கொண்டார்கள்.

கஸ்தூரியின் மணத்துக்குக் காரணமான மஸ்கோன், புனுகின் சிவெட்டோன் ஆகியவற்றின் அமைப்பை 1926இல் கண்டுசொன்னவர் லியோபோல்ட் ருசிக்கா. 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவரும் பூட்டெனான்டும் பகிர்ந்துகொண்டார்கள். பாலின ஹார்மோன்களைப் பற்றிய பணிக்காகப் பரிசு பெற்ற பூட்டெனான்டை அதை ஏற்கவிடாமல் ஹிட்லரின் அரசு தடுத்தது. அவர் பாம்பிகாலை எட்டியது அதற்கும் இருபது ஆண்டு கழித்து. இன்று கடையில் ‘மிஸ்க்’ என்று கிடைப்பது பெரும்பாலும் செயற்கை. கஸ்தூரிமான் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட விலங்கு.

சோதனைகள்

அதிகம் பேசப்பட்ட சோதனை கிளாஸ் வெடெகின்ட் 1995இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடத்தியது. 44 ஆண்கள் இரண்டு இரவு ஒரே பனியனோடு தூங்கினார்கள். வாசனை சோப்பு, சென்ட், காரமசாலா எதுவும் கூடாது. பிறகு 49 பெண்கள் அந்தப் பனியன்களை முகர்ந்து மதிப்பெண் போட்டார்கள். தங்கள் நோயெதிர்ப்பு மரபணுக்களிலிருந்து (எச்எல்ஏ) வேறுபட்டவர்களின் வாசனையையே பெண்கள் விரும்பினார்கள். கருத்தடை மாத்திரை எடுத்தவர்களிடம் மட்டும் முடிவு தலைகீழானது. கண்டிப்பாகப் பார்த்தால் இது ஃபெரோமோனே அல்ல. ஃபெரோமோன் என்றால் இனம் முழுவதற்கும் பொதுவான செய்தி. இதுவோ ஆளுக்கு ஆள் மாறும் கையொப்பம்.

இச்சோதனையை அபுதாபியில் நடத்தியிருந்தால் ஆட்களைப் பிடிப்பதே கடினமாகியிருக்கும். எமிரேட்ஸ் ஆண்கள் அணியும் கந்தூரா என்ற நீள அங்கியில் கழுத்தருகே தொங்கும் நீளமான குஞ்சம் அத்தர் தடவுவதற்கென்றே இருப்பது. ஒருவர் முதலில் மேனியில் ஊத் எண்ணெய் வைப்பார், பிறகு உடையைப் புகைமேல் பிடிப்பார், கடைசியில் சென்ட் அடிப்பார். ஊத் என்பது நம் அகில்தான். பூஞ்சை தாக்கிய மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் ஏறிய கட்டை. அது அசாமிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறது. விருந்து முடிந்ததும் மப்கரா என்னும் தூபக்கால் கைமாறும். விருந்தாளி தலைத்துணியின் முனையை விரித்துப் புகையை உள்ளே வாங்கிக்கொள்வார். தூபம் வந்துவிட்டால் கிளம்பும் நேரம் என்று பொருள். அதற்கு மேல் உட்கார்வது அழகல்ல.

இத்தனை பூச்சுக்கு நடுவே உடலின் சொந்த மணம் தொலைந்துவிடாதா? 2001இல் மிலின்ஸ்கியும் வெடெகின்டும் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. தமக்கென்று மக்கள் தேர்ந்தெடுக்கும் வாசனைப் பொருள்கள் அவர்களுடைய எச்எல்ஏ வகையோடு தொடர்புடையவை. துணைக்கென்று தேர்ந்தெடுப்பவற்றில் அந்தத் தொடர்பு தெளிவாக இல்லை. ஒருவர் தானே தெரிவு செய்த சென்ட்டும் அவருடைய உடல் மணமும் சேர்ந்த கலவை, யாரோ ஒதுக்கிக் கொடுத்த சென்ட்டின் கலவையைவிட இனிமையாக மதிப்பிடப்பட்டதாக 2012இல் ஒரு செக் குழுவும் கண்டது. தனக்கான கலவையைத் தானே கூட்டிக்கொள்ளும் வளைகுடா வழக்கத்துக்கு ஆய்வகம் கொடுத்த சான்றாக இதை எடுத்துக்கொள்ளலாம், சிறிய ஆய்வுகள் என்ற எச்சரிக்கையோடு.

எச்எல்ஏ கோட்பாடு சிக்கிக்கொள்ளும் இடம் திருமணம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை என்று 1997இல் வெளியான ஆய்வு கூறியது. அங்கே மரபாக முதல் உரிமை தந்தையின் சகோதரர் மகளுக்கு. நமக்கோ சித்தப்பா மகள் தங்கை. அத்தை மகளும் மாமன் மகளும்தான் முறைப்பெண்கள். மரபணுக் கணக்கில் இருவகை உறவும் ஒரே நெருக்கம்தான். மூக்குதான் எச்எல்ஏ வேறுபட்ட துணையைத் தேர்கிறது என்றால் இந்த இரு சமூகங்களும் இத்தனை தலைமுறை தாண்டியிருக்கக் கூடாது. குடும்பம் பேசி முடித்த இடத்தில் மூக்கின் வாக்கு எவ்வளவு எடுபடும் என்பது ஆய்வாளரைவிட நாவலாசிரியருக்கு உகந்த கேள்வி. 2025 ஜனவரி முதல் எமிரேட்ஸ் குடிமக்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய மரபணுப் பரிசோதனை கட்டாயமாகிவிட்டது. ஊத் புகையும் ஆய்வக அறிக்கையும் ஒரே வீட்டுக்குள் நுழைகின்றன.

புனைவில்

புனைகதை இப்பொருளைப் பெரும்பாலும் மந்திரக் குப்பியாகவே கையாண்டிருக்கிறது. ரோல்டு டாலின் ‘ஸ்விட்ச் பிட்ச்’ (1974) தொகுப்பில் ஆணின் கட்டுப்பாட்டை நொடியில் கழற்றிவிடும் ஒரு வாசனைத் திரவம் வருகிறது. பாட்ரிக் சுஸ்கிண்டின் ‘பெர்ஃப்யூம்’ (1985) நாவலின் நாயகன் கொலை செய்து பெண்களின் மணத்தைச் சேகரிக்கிறான். தமிழர் ஒருவரின் பங்களிப்பு ஏ.ஆர்.ரகுமான் இயக்கிய ‘லே மஸ்க்’. 36 நிமிட மெய்நிகர் படமான இது 2022இல் கான் விழாவில் காட்டப்பட்டது. தன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட ஆண்களை அவர்களுடைய வாசனையின் நினைவைக்கொண்டு தேடும் ஓர் இசைக்கலைஞரின் கதை. பார்வையாளரின் இருக்கையிலும் மணம் வீசும். குப்பியை விட்டு நினைவுக்கு நகர்ந்ததால் மூன்றில் இதுவே அறிவியலுக்கு நெருக்கமானது என்பேன்.

காரணம் ஒரு சுண்டெலி. ஆண் சுண்டெலியின் சிறுநீரில் பெண்ணை ஈர்க்கும் புரதம் ஒன்றை 2010இல் ஜேன் ஹர்ஸ்டின் லிவர்பூல் குழு கண்டுபிடித்து, ஜேன் ஆஸ்டின் நாவலின் டார்சி நினைவாக ‘டார்சின்’ என்று பெயரிட்டது. டார்சின் காற்றில் எளிதில் பரவாது. பெண் நெருங்கி முகர வேண்டும். முகர்ந்தபின் அந்தக் குறிப்பிட்ட ஆணின் தனி மணத்தையும் அதைச் சந்தித்த இடத்தையும் அவள் கற்றுக்கொள்கிறாள். பிறவியிலேயே வந்த தூண்டல்கூடக் கற்றல் வழியாகத்தான் ஒரே ஒருவன்மேல் போய் முடிகிறது. இதற்கு ஈடான கதைக்கரு இன்னொன்றும் உண்டு: அழுத பெண்ணின் கண்ணீரை, மணமே தெரியாதபோதும், முகர்ந்த ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்ததாக இஸ்ரேலின் வைஸ்மன் கழகம் 2011இல் அறிவித்தது. நம் தொடர்கதைகளில் சிந்திய கண்ணீருக்கு யாரும் இப்படியொரு பயனைச் சொன்னதில்லை.

சந்தையில்

‘ஃபெரோமோன் சென்ட்’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் குப்பிகளின் பின்னே இருப்பவை பெரும்பாலும் ஆண்ட்ரோஸ்டாடையினோன் போன்ற சில ஸ்டீராய்டுகள். ஆண்ட்ரோஸ்டாடையினோன் மனித ஃபெரோமோன் என்ற கூற்று, அதற்குக் காப்புரிமை வைத்திருந்த ஈராக்ஸ் என்ற நிறுவனத்தின் ஆதரவில் 1991இல் நடந்த மாநாட்டிலிருந்து கிளம்பியது. முறையான அடிப்படை ஆய்வு அங்கு இல்லை என்று டிரிஸ்ட்ராம் வையட் 2015இல் விரிவாக எழுதினார். சில குப்பிகளில் சேரும் ஆண்ட்ரோஸ்டெனோன் உண்மையிலேயே ஃபெரோமோன்தான், ஆண் பன்றியுடையது. மனிதரில் அதை உணரும் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அதே துளி ஒருவருக்குச் சந்தனம்போல் இனிக்கும், ஒருவருக்குச் சிறுநீர் நாறும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. பூசிக்கொண்டவர் மூன்றாம் வகையாக இருந்துவிட்டால் எதிரே வருபவர் ஏன் விலகிப் போகிறார் என்பது அவருக்குப் புரியவே போவதில்லை.