பிஷப் பதவி வேண்டாம்!

எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், 1831-ல் வந்த சட்டம். கறுப்பர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. நாலு எழுத்து தெரிந்துவிட்டால் அடிமை சும்மா இருப்பானா என்ற பயம்தான்!

அந்த மண்ணில், 1857-ல் அடிமைக் குழந்தையாகப் பிறந்தவர் ஜேம்ஸ் சாலமன் ரஸ்ஸல். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபோது அவருக்கு வயது ஏழு. பையனுக்குப் படிப்பு என்றால் உயிர். வளர்ந்ததும், பாதிரியார் ஆக ஆசைப்பட்டார். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபைக்கு அமெரிக்காவில் எபிஸ்கோபல் சபை என்று பெயர். அதன் வெள்ளைக்கார செமினரியில் இவருக்கு இடமில்லை. 1878-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். அதில் முதல் மாணவர் ரஸ்ஸல்!

1882-ல் லாரன்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கு அனுப்பப்பட்டார். ஜெபம் மட்டும் போதாது, ஜனங்களுக்குப் படிப்பும் கைத்தொழிலும் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. 1888-ல் பள்ளி துவங்கினார். பெயர் செயின்ட் பால். மாணவர்கள் ஒரு டஜன்கூட இல்லை. ஆசிரியர்களை உருவாக்குவதும் தொழில் கற்றுத்தருவதும்தான் நோக்கம்.

1917-ல் இரண்டு மாநிலங்களிலிருந்து உதவி பிஷப் பதவி தேடி வந்தது. சாதாரண விஷயமா? 'பள்ளியை விட்டு வரமாட்டேன்' என்று இரண்டையும் மறுத்துவிட்டார் மனிதர். 1935-ல் அவர் இறந்தார். பள்ளி வளர்ந்து, 1957-ல் செயின்ட் பால்ஸ் கல்லூரி ஆனது. குழந்தையோடு தனியாகத் தவிக்கும் தாய்மார்களை, குழந்தையோடேயே தங்க வைத்துப் படிக்கவைத்த கல்லூரி அது.

அப்புறம் என்ன ஆச்சு? நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்ததும் பெரிய பல்கலைக்கழகங்களின் கதவுகள் கறுப்பர்களுக்குத் திறந்தன. நல்ல விஷயம்தான். ஆனால், சின்னக் கல்லூரிகள் பலவும் மாணவர்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. செயின்ட் பால்ஸுக்குப் பணமுடை. 2011-ல் விளையாட்டு அணிகளைக் கலைத்தார்கள். 2012-ல் கல்வித்தர அங்கீகாரம் பறிபோனது. அங்கீகாரம் இல்லையென்றால் மாணவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது. ஏழைப் பிள்ளைகள் எப்படி ஃபீஸ் கட்டுவார்கள்? இன்னொரு எபிஸ்கோபல் கல்லூரியோடு இணைக்கப் பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை. 2013 ஜூன் 30, இழுத்துப் பூட்டினார்கள்.

2014-ல் இன்னொரு கூத்து. எல்லை தாண்டித் தனியாக வந்த மத்திய அமெரிக்கக் குழந்தைகளை, காலியாகக் கிடந்த அந்த வளாகத்தில் தங்கவைக்க அரசு நினைத்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

யாருக்கும் இடமில்லை என்று சொல்லாமல் இருக்கத்தான் ரஸ்ஸல் அந்தப் பள்ளியையே கட்டினார். இன்று லாரன்ஸ்வில்லில் அவர் பெயரில் ஒரு மியூசியம் இருக்கிறது. கல்லூரிதான் இல்லை.