வினாடி வினா: பொது அறிவுப் போட்டியின் வரலாறு

வினாடி வினா என்பது வரலாறு, அறிவியல், விளையாட்டு, கலை, இலக்கியம் எனப் பல துறைகளிலிருந்தும் கேள்விகள் கேட்டு, குறித்த நேரத்துக்குள் விடை பெறும் போட்டி. பள்ளி ஆண்டு விழா மேடை, தொலைக்காட்சி அரங்கு, இங்கிலாந்தின் மதுக்கூடம், வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வறை என இது பல இடங்களில் பல வடிவில் நடக்கிறது. பெயரும் பரிசும் விடை சொல்பவருக்குத்தான். ஆனால் இதன் போக்கைத் தீர்மானித்தவர்கள் கேள்வி எழுதியவர்கள். எது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எது தெரியாவிட்டாலும் குற்றமில்லை என்பதை அவர்களே முடிவு செய்துவந்திருக்கிறார்கள்.

தமிழில் அறிவை மேடையேற்றிய பழைய கலை அவதானம். பாட்டுக்கு ஈற்றடி கொடுப்பவர், கணக்குக் கேட்பவர், மணியடிப்பவர், முதுகில் கல் எறிபவர் எனப் பலரும் ஒரே நேரத்தில் குறுக்கிட, அத்தனையையும் மனத்தில் நிறுத்திப் பதில் தருவார் அவதானி. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் வைக்கும் சதாவதானத்தைச் செய்துகாட்டினார். ஆனால் அது கவனத்துக்கும் நினைவுக்குமான சோதனை. உலகச் செய்திகளை எவ்வளவு அறிவாய் என்று கேட்கும் வினாடி வினா வேறு வழியில் வளர்ந்தது.

தேர்வுத்தாள்களின் காலம்

அந்த வழி அரசுப் பணித் தேர்வுகளில் தொடங்குகிறது. மெக்காலே குழு 1854இல் தந்த அறிக்கையின்படி, இந்தியக் குடிமைப் பணிக்கான முதல் போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் நடந்தது. குழு வகுத்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாலே கேட்டவர்களின் உலகம் புரிந்துவிடும். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. இந்தியாவில் மக்கள் வீட்டில் பேசும் எந்த மொழிக்கும் அந்த நுழைவுத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. ஆளப்போகும் நாட்டைப் பற்றி அதிகம் அறியாமலே அதில் முன்னிலை பெற முடிந்தது. இந்தத் தடையைத் தாண்டி 1863இல் தேர்ச்சி பெற்ற முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர். மாகாண அளவில் முதல் பணியாளர் தேர்வாணையம் 1929இல் சென்னையில் அமைந்தது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் தொடர்ச்சி.

ஐல் ஆஃப் மேன் தீவின் கிங் வில்லியம்ஸ் கல்லூரி என்னும் பள்ளியில் 1904 முதல் ஆண்டுதோறும் ஒரு பொது அறிவுத்தாள் தயாராகிறது. மிகக் கடினமான தாள் அது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு மாணவர்கள் ஆயத்தமில்லாமல் ஒருமுறை எழுதி, பெரும்பாலும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே வாங்குவார்கள். பிறகு விடுமுறை முழுவதும் நூல்களைப் புரட்டி, உறவினர்களைக் கேட்டு, திரும்பி வந்து அதே தாளை மீண்டும் எழுதுவார்கள். விடை எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருப்பதே கல்வியின் பெரும்பகுதி என்ற கருத்துள்ள லத்தீன் வாசகம் தாளின் தலைப்பில் இருக்கும். பொது அறிவுச் சோதனைகளில் இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் தாமஸ் ஆல்வா எடிசன். தம் நிறுவனத்தில் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு ஏறத்தாழ 150 கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றைக் கொடுத்தார். வோல்கா ஆறு எங்கே ஓடுகிறது, பிரான்சின் அண்டை நாடுகள் எவை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தில் செய்யப்படுகிறது என்றெல்லாம் அது கேட்டது. தேறியவர் மிகச் சிலர். 1921இல் கேள்விகள் செய்தித்தாளில் வெளியாக, அமெரிக்கா முழுவதும் விவாதம் கிளம்பியது. அப்போது பாஸ்டனுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் எளிதில் கிடைக்கும் தகவலைத் தாம் மனத்தில் சுமப்பதில்லை என்றார் அவர். பொது அறிவைப் பற்றிய இரு பார்வைகளும் அந்த ஆண்டிலேயே நேருக்கு நேர் நின்றுவிட்டன.

வானொலியும் தொலைக்காட்சியும்

வானொலி இந்தச் சோதனையைப் பொழுதுபோக்காக்கியது. 1938இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்' முறையைத் தலைகீழாக்கியது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிஞர் குழு திணறினால் நேயருக்குப் பரிசு. குழுவில் இருந்த ஜான் கீரன் விளையாட்டுப் பத்தி எழுதுபவர். லத்தீன் கவிதையும் பறவைகளும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. விளையாட்டு அறிவு வேறு, படிப்பு வேறு என்ற எண்ணத்தை அவர் வாரந்தோறும் பொய்யாக்கினார்.

1955இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி 64,000 டாலர் பரிசுடன் போட்டி தொடங்கியது. குத்துச்சண்டை பற்றிய கேள்விகளில் உச்சப் பரிசை வென்றவர் ஜாய்ஸ் பிரதர்ஸ் என்ற உளவியலாளர். மறு ஆண்டு என்.பி.சி. தொடங்கிய 'ட்வென்டி ஒன்' போட்டியில்தான் சீர்கேடு உச்சத்துக்குப் போனது. வென்றுகொண்டிருந்த ஹெர்ப் ஸ்டெம்பெலைத் தோற்கச் சொன்னார்கள் தயாரிப்பாளர்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்விக்கு 'மார்ட்டி' என்ற விடை அவருக்குத் தெரியும். அவர் விரும்பிப் பார்த்த படம் அது. கட்டளைப்படி வேறு படத்தின் பெயரைச் சொன்னார். அடுத்து வந்த கொலம்பியா பல்கலைக்கழக விரிவுரையாளர் சார்லஸ் வான் டோரன் 1,29,000 டாலர் வென்று நாடறிந்தவரானார். தமக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டதை 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன் அவர் ஒப்புக்கொண்டார். இத்தகைய மோசடியைக் குற்றமாக்கி 1960இல் சட்டம் திருத்தப்பட்டது.

பிரிட்டனில் 1962இல் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்', 1972இல் 'மாஸ்டர்மைண்ட்' தொடங்கின. மாஸ்டர்மைண்டை உருவாக்கிய பில் ரைட் இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டபோவின் விசாரணைக்கு ஆளானவர். இருண்ட அரங்கு, தனி நாற்காலி, முகத்தில் ஒளி என்ற அதன் அமைப்பு அந்த அனுபவத்தில் பிறந்தது.

பலகை விளையாட்டான 'ட்ரிவியல் பர்சூட்' 1979இல் மாண்ட்ரியால் பத்திரிகையாளர்கள் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் மனத்தில் உதித்தது. அறிவு ஆறு வண்ணங்களாகப் பிரிக்கப்பட்டது: புவியியல், பொழுதுபோக்கு, வரலாறு, கலை இலக்கியம், அறிவியல், விளையாட்டு. ஃபிரெட் வொர்த் என்ற தொகுப்பாளர் தம் நூலைப் பார்த்துக் கேள்விகள் எடுத்ததாக அந்நிறுவனத்தின் மீது 1984இல் வழக்குத் தொடுத்தார். கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ஃபிலிப் என்று அவர் தம் நூலில் வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலைப் புதைத்திருந்தார். விளையாட்டு அட்டையில் அதே பொய் இருந்தது. ஆனாலும் தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று நீதிமன்றம் அவர் வழக்கை ஏற்கவில்லை.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் பொது வினாடி வினாவை 1967இல் கல்கத்தாவின் கிறைஸ்ட் தி கிங் ஆலயக் கூடத்தில் நடத்தியவர் நீல் ஓ பிரையன். ஆங்கிலோ இந்திய சமூகத்தின் தலைவர், ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் இந்திய நிர்வாகி, பின்னாளில் நாடாளுமன்ற நியமன உறுப்பினர். 1972இல் தொடங்கிய போர்ன்விட்டா வினாடி வினா வானொலி வழியே வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர் அது தொலைக்காட்சிக்கு மாறியபோது நடத்தியவர் நீலின் மகன் டெரெக். 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' கல்லூரி அணிகளை நாடறியச் செய்தது. 1983இல் பெங்களூரில் கர்நாடக வினாடி வினா சங்கம் உருவானது. சென்னையில் கண் மருத்துவர் நவீன் ஜெயகுமார் நடத்திய லேண்ட்மார்க் போட்டி, சுதந்திர தினத்தன்று மியூசிக் அகாடமியை நிரப்பியது.

இந்த நகரங்களில் கேள்வியின் வடிவமே மாறியது. இந்தியா இக்கலைக்குத் தந்த பெருங்கொடை என்று அதைத்தான் குறிப்பிட வேண்டும். பாக் நீரிணை எந்த இரு நாடுகளுக்கு இடையே உள்ளது என்று கேட்டால், படித்தவர் சொல்வார், படிக்காதவர் விழிப்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பாதிரியாராக இந்தியா வந்து 1763இல் மதராஸ் ஆளுநரானவர் அவர், இரு நாட்டு மீனவர்களும் தினமும் அவர் பெயரைத் தாங்கிய நீரில்தான் வலை வீசுகிறார்கள், யார் அவர்? ராபர்ட் பாக்கைக் கேள்விப்படாதவரும் யோசித்தால் எட்டிவிடலாம். ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்தடுத்த அணிகளுக்குச் சுற்றிப் போகும் முறையில், எல்லோரும் கடைசி வரை சிந்தித்துக்கொண்டே இருப்பார்கள். தமிழில் நடக்கும் போட்டிகளில் பெரும்பாலும் 'முதல் பெண்மணி யார்', 'தலைநகர் எது' என்ற ஒற்றை வரிக் கேள்விகளே இன்னும் ஆள்கின்றன. ராபர்ட் பாக் போன்ற கேள்விகள் நகர்ப்புற ஆங்கிலப் போட்டிகளோடு நின்றுவிடுவது தமிழ்வழி மாணவர்களுக்குப் பெரிய இழப்பு. அவர்களுக்குத் தெரிந்த ஊரும் கடலும் பயிரும் பாட்டும் சிறந்த கேள்விகளுக்கு வேண்டிய அளவு பொருள் தரும்.

பரந்த மக்களிடம் வினாடி வினாவைக் கொண்டுபோனது கோடி ரூபாய்ப் பரிசு. 1998இல் பிரிட்டனில் தொடங்கிய பெரும்பரிசுப் போட்டி ஒன்றின் இந்தி வடிவம் 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனுடன் ஒளிபரப்பானது. தமிழில் சரத்குமார், சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி ஆகியோர் இவ்வகைப் போட்டிகளை நடத்தினார்கள். பெண்களுக்கு மட்டுமான 'கோடீஸ்வரி'யை ராதிகா நடத்தினார். 2020 ஜனவரியில் அதில் காது கேளாத, பேச இயலாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றார்.

உலகப் போட்டியும் இயந்திரமும்

உலக வினாடி வினா வாகைப் போட்டி 2003இல் தொடங்கியது. எட்டுத் துறைகள், துறைக்கு 30 என 240 கேள்விகளுக்குப் பல நாடுகளிலும் ஒரே நாளில் விடை எழுதுவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற துறை கணக்கில் சேராது.

2011 பிப்ரவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் கணினி, அமெரிக்காவின் 'ஜெபர்டி' போட்டியில் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்ற இரு பெரும் வெற்றியாளர்களோடு மோதியது. முதல் ஆட்டத்தின் இறுதிக் கேள்வி அமெரிக்க நகரங்கள் பற்றியது: நகரின் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயர், இரண்டாவது விமான நிலையத்துக்கு அதே போரின் சமர் ஒன்றின் பெயர். ஓஹேர், மிட்வே இரண்டும் இருப்பது சிகாகோவில். வாட்சன் கனடாவின் டொராண்டோவை எழுதியது. மொத்தப் புள்ளிகளில் கணினியே வென்றது என்றாலும், அந்தக் கேள்விக்கு மனிதர் இருவருமே சரியான விடை எழுதியிருந்தார்கள்.