கொல்லிக் குடவரை

சேந்தமங்கலத்திலிருந்து கிழக்கே பார்த்தால் தெரிவது கொல்லிமலையின் மேற்கு முகம். குறுந்தொகையில் கபிலரும் பரணரும் ‘குடவரை’ என்பது இந்தப் பக்கத்தைத்தான். குடக்கு என்றால் மேற்கு. இம்மலையில் தெய்வம் எழுதியதாகச் சொல்லப்படும் பெண்ணுருவான கொல்லிப்பாவையை இருவருமே குடவரைப் பாவையாகத்தான் பாடியிருக்கிறார்கள்.

‘கொல்லி’ என்றதும் பலரும் ‘கொல்’ என்ற வினைக்குப் போய்விடுகிறார்கள். அசுரர்களைச் சிரித்தே மயக்கிக் கொன்றாள் பாவை, அதனால் கொல்லி என்பது கதை. மலைக்காய்ச்சல் ஆளைக் கொன்றதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. குறுந்தொகையில் பாவை கொலைகாரி அல்ல. தலைவியின் அழகுக்கும் மென்மைக்கும் உவமை. பரணர்கூட மலையைத்தான் அச்சம் மிகுந்தது என்கிறார். தெய்வம் எழுதிய பாவையை நல்லவளாகவே காட்டுகிறார். பெயருக்குப் பொருள் தேடப் போய்த்தான் கொலைக்கதை முளைத்திருக்க வேண்டும். இன்று மலைமேல் அவளை எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறார்கள்.

பாவை அதே பாவை. மலைக்கு உடையவர்தான் மாறுகிறார். குறுந்தொகை 100ஆம் பாட்டில் கபிலருக்கு அது வல்வில் ஓரியின் கொல்லி. 89ஆம் பாட்டில் பரணருக்கு அது சேரன் பொறையனின் கொல்லி. இடையில் நடந்ததை அகநானூறு 209இல் கல்லாடனார் சொல்லிவிடுகிறார்: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று மலையைச் சேரருக்குக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவர் இன்னொருவரைக் கொன்று நாட்டைத் தூக்கிக் கொடுத்த செய்தி இது. வள்ளல்கள் வரிசையைப் பள்ளியில் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தர வேண்டும்.

பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகத்தில் ‘கொல்லிக் கூற்றம்’ வருகிறது. மலைப்பெயர் அங்கே நிலப்பிரிவின் பெயராகிவிட்டது. பிறகு அது பட்டமாகவும் ஆயிற்று. பல நூற்றாண்டு கழித்துச் சேர வேந்தரான குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லி காவலன் என்றே சொல்லிக்கொள்கிறார்.

கூற்றம் வழக்கொழிந்துவிட்டது. ‘நாடு’ மட்டும் மலைமேல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடு, வாழவந்திநாடு, திண்ணனூர்நாடு என்று ஊராட்சிகளே நாடுகள்தான். ஓரிக்குச் செம்மேட்டில் சிலை உண்டு. ஆடிப்பெருக்கையொட்டி அரசு விழாவும் எடுக்கிறது. ஆனால் சேர வேந்தர் பட்டமாகச் சூடிய கொல்லி என்ற பெயர் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் இல்லை. அத்தனை நாடுகளும் ஓட்டுப் போடுவது பழங்குடியினருக்கான தனித்தொகுதியான சேந்தமங்கலத்தில்.