முத்துச்சிப்பியும் பிறப்பின் வரிசையும்

தூத்துக்குடி தொடங்கி மண்டபம் ஈறாக, மன்னார் வளைகுடாவின் கரையையொட்டி 21 தீவுகள் எண்ணப்படும்; அவற்றுள் இரண்டு இப்பொழுது நீருள் மூழ்கிவிட்டன. அப்பாலுள்ள கடலடியிற் சிப்பி வாழும் திட்டுக்களைப் 'பார்' என்பர். பண்டைக் கொற்கையின் புகழ் இப்பார்களிற் பிறந்தது. 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. ஆயினும், உயிர்வகைகளின் உறவை ஆராய்வார்க்கு இக்கடல் இன்னும் வறண்டிலது.

தொல்காப்பியர் வகுத்த ஓரறிவு முதல் ஆறறிவு ஈறான வரிசையையும், திருவாதவூரடிகள் சிவபுராணத்துட் கூறிய பிறப்பு நிரையையும் எடுத்துக்காட்டி, 1859-இல் டார்வின் நூலாக வெளியிட்ட கொள்கை நம் முன்னோர் அறிந்ததே எனக் கூறுவாருளர். இக்கூற்றுக் கேட்டற்கு இனிது. ஆயின் நூலோடும் பொருந்தாது, கடலோடும் பொருந்தாது. சிவபுராணத்துட் புழுவிற்குப் பின் மரம் நிற்கின்றது. பாம்பிற்குப் பின் கல்லும் அதன்பின் மனிதரும் நிற்கின்றனர். கல்லினின்று மனிதவுடம்பு வழிவந்தது என்பது அடிகள் கருத்தாகுமோ? ஓருயிர் பல்வகை உடம்பெடுத்து இளைத்தமையே ஆண்டுக் கூறப்பட்டது. ஓருடம்பின் வழித்தோன்றல்கள் தலைமுறைதோறும் சிறிது சிறிதாய் வேறுபட்டு வேற்றினமாதலே டார்வின் கூறியது. முன்னது உயிரின் செலவு. பின்னது உடம்பின் மரபு.

இனிக் கடலை நோக்குவாம். மரபியலில் ஈரறிவுயிராக ஓதப்பட்ட முரள் என்பதனுள் இப்பியையும் உரைகாரர் அடக்குவர், நண்டு நாலறிவுயிர். 1981-இல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பியைத் தொட்டியிற் கருவுறச் செய்து வளர்த்தனர். முட்டையினின்று வந்த குஞ்சு, ஓடு தோன்றுமுன், நுண்மயிர் வளையத்தால் நீந்தும் பம்பர வடிவினது. கடற்புழுக்கள் பலவற்றின் குஞ்சும் அவ்வடிவினதே. முதிர்ந்தபின் சிறிதும் ஒவ்வாத இரண்டும் இளமையில் ஒத்தல், அவை ஒரு குடிப்பிறந்தன என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

இதனினும் வியப்புடையது பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் வளையமைத்து வாழும் ஒரு புழு. டைக்கோடெரா பிளேவா என்பது அதன் அறிவியற் பெயர். கண்ணில்லை, காலில்லை, மணலை விழுங்கி உயிர்வாழ்வது, கையிலெடுத்தால் மருத்துவமனை நாற்றம் வீசுவது. இவ்வினப் புழுவின் தொண்டைப் புறத்தே மீனின் செவுள்போலப் பிளவுகள் உளவென 1866-இல் கோவலெவ்ஸ்கி காட்டினார். இதன் குஞ்சை முன்னர் உடுமீன் குஞ்சென்றே மயங்கியிருந்தனர். மெச்சினிக்காவ் அம்மயக்கந் தீர்த்தார். முதுகெலும்புடையவற்றிற்கு இஃது உறவென 1880-களிற் பேட்சன் நிறுவ முயன்றார். 2015-இல் இதன் மரபணுத் தொகுதி முழுதும் வெளியிடப்பட்டபோது, செவுட்பிளவை ஆக்கும் மரபணுக் கூட்டம் முதுகெலும்பிகளிலும் இதனிலும் ஒருசேர அமைந்திருத்தல் புலனாயிற்று. இதனை மனிதனின் மூதாதை என்றல் பிழை. உடுமீனுக்கு அணுக்கமாய், நமக்குத் தாயாதி முறையில் நிற்பது.

ஆகவே, நாலறிவுடைய நண்டினும் கண்ணற்ற இப்புழுவே மனிதவுடம்பிற்கு நெருங்கிய சுற்றம். அறிவின் வரிசை வேறு, உடம்பின் சுற்றம் வேறு என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டா. அறிவு மிகுதல் ஆணவ மறைப்பு நெகிழ்தற்கேற்பக் கருவிகள் கூட்டப்படுதலால் ஆவது; உடம்பின் உறவு மாயையின் காரியத்துள் அடங்குவது.

'உயிரின் தோற்றம்' என்னும் தொடரும் மயக்கந் தருவதே. 1924-இல் ஓபாரினும் 1929-இல் ஆல்டேனும் ஆராய்ந்தது, உயிரற்ற பொருள்களினின்று முதலுடம்பு அமைந்தவாற்றை. (ஆல்டேன் 1957-இல் இந்தியாவிற் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.) சித்தாந்தத்தில் உயிர் அநாதி, அதற்குத் தோற்றமில்லை. எனவே அவர்தம் ஆராய்ச்சி சைவர்க்குப் பகையன்று.

ஆனால் இவ்வேறுபாட்டைக் கேடயமாகப் பிடித்து எல்லாவற்றையும் காத்தல் இயலாது. சிவஞான சித்தியார் கூறும் நால்வகைத் தோற்றத்துள் ஒன்றாகிய சுவேதசம், வியர்வையிற் பிறப்பது, உடம்பைப் பற்றியது. உடம்போ காட்சிப்பொருள். புழுக்கள் அழுகலிற் பிறப்பனவல்ல, ஈயின் முட்டையிற் பிறப்பன என 1668-இல் ரெடி காட்டினார். நுண்ணுயிரும் தாமே தோன்றா என 1860-களிற் பாஸ்தர் நிறுவினார். பேன் ஈரினின்று வருதலைத் தலைவாரும் தாயரும் அறிவர். காட்சியளவைக்கு மாறானதை உரையளவையால் நிறுத்தல் அளவை நூலார்க்கு உடன்பாடன்று.