கிராஃபிங் கால்குலேட்டரில் ஷெல்: 1994 முதல் 2020 வரை

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1992-இல் டிஐ-85 என்னும் கிராஃபிங் கால்குலேட்டரை வெளியிட்டது. பேசிக் மொழியை ஒத்த எளிய நிரல்மொழி ஒன்றை மட்டும் அது பயனருக்குத் திறந்துவிட்டிருந்தது. உள்ளே 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய இசட்80 செயலியை நேரடியாக ஏவ வழி வைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அந்த வழியை மாணவர்களும் ஆர்வலர்களும் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான், செயலியின் சொந்தக் கட்டளைகளில் எழுதிய நிரல்களைத் திறந்து ஓட்டும் ஷெல். வகுப்பில் விளையாடுவதற்காக வந்த பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அந்தக் கருத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஒருவர் எழுதிய நிரல், முகம் தெரியாத இன்னொருவரின் கருவியில் பிழையின்றி ஓட வேண்டும் என்ற சிக்கலை மாணவர்களும் ஆர்வலர்களும் தீர்த்த வரலாறு இது.

நிறுவனம் தந்த நிரல்மொழி எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குமரி மாவட்டக் கீரிப்பாறையில் உள்ள அரசு ரப்பர் கழகத் தோட்டங்களை நினைத்துக்கொள்வோம். அங்கே ரப்பர்பாலின் எடையை உலர் ரப்பர் விழுக்காட்டால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ரப்பரின் எடை கிடைத்துவிடும். 20 கிலோ பாலில் 35 விழுக்காடு என்றால் 7 கிலோ. டிஐ-85-இல் இதற்கு மூன்று வரி போதும். ஆனால் அந்த மொழியில் எழுதிய ஒவ்வொரு வரியையும் கால்குலேட்டர் ஓடும்போதே படித்து, பொருள் கண்டு, பிறகுதான் செய்யும். திரையில் அகலவாக்கில் 128, உயரவாக்கில் 64 என மொத்தம் 8192 புள்ளிகள். அவற்றில் ஒரு படத்தை நகர்த்த முயன்றால் கண்முன்னே திணறும். செயலியின் சொந்தக் கட்டளைகளான பொறிமொழியில் எழுதினால் அதே கருவி பாய்ந்து ஓடும்.

1994-இல் வந்த இசட்ஷெல் இதைச் சாதித்த விதம் நுட்பமானது. டிஐ-85-இன் நினைவகம் முழுவதையும் கேபிள் வழியாகக் கணினியில் நகலெடுத்து வைக்கலாம், திரும்பவும் ஏற்றலாம். அந்த நகலில் பயனரின் தரவோடு, கருவி தனக்கென வைத்திருக்கும் குறிப்புகளும் இருந்தன. கஸ்டம் என்ற பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும், எங்கே தாவ வேண்டும் என்ற முகவரியும் அவற்றுள் அடக்கம். நகலைக் கணினியில் திருத்தி, அந்த முகவரியைத் தங்கள் நிரலை நோக்கித் திருப்பிவிட்டு, மறுபடி கருவிக்குள் ஏற்றினார்கள். நிறுவும்போது கருவியில் ஏற்கெனவே இருந்தவை எல்லாம் அழிந்துபோகும். நகல் முழு நினைவகத்தின் மேலேயே எழுதப்படுவதால் அது தவிர்க்க முடியாதது. அதன்பின் கஸ்டம் பொத்தான், அடுத்து எஃப்1. ஷெல் திறந்து, நிரல்களின் பட்டியல் வரும்.

இந்தத் திறப்பைவிட முக்கியம், உள்ளே போன பிறகு ஷெல் செய்த வேலை. டிஐ-85 பல ரோம் பதிப்புகளில் விற்பனையானது. திரையில் எழுத்தை இடும் துணைநிரல் ஒரு பதிப்பில் ஓரிடத்தில் இருக்கும், அடுத்ததில் வேறிடத்தில் இருக்கும். இசட்ஷெல் இவற்றுக்கு ஒரு முகவரி அட்டவணை வைத்தது. நிரல் எழுதுபவர் அட்டவணையைக் கேட்டால் போதும், பதிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சர வகை மாறிகளாகச் சேமிக்கப்பட்ட நிரல்கள் நினைவகத்தில் இன்ன இடம் என்றில்லாமல் எங்கும் கிடந்தன. எங்கே கிடந்தாலும் ஓடச்செய்யும் ஏற்பாட்டையும் ஷெல்லே செய்தது. ஓர் இயங்குதளத்தின் அடிப்படைக் கடமைகள் இவை.

நிறுவனமும் இறங்கிவந்தது. 1996-இல் வந்த டிஐ-83-இல் பொறிமொழி நிரலை ஓட்ட உள்ளேயே ஒரு கட்டளை இருந்தது. 1999-இன் டிஐ-83 பிளஸில் அது ஏஎஸ்எம் என்ற பெயரோடு வெளிப்படையாக வந்தது. அப்படியானால் ஷெல் தேவையற்றுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜோ விங்பர்மியூல் எழுதிய அயான் ஷெல் பொதுவான துணைநிரல்களைத் தானே வழங்கியதால், ஒவ்வொரு விளையாட்டும் அவற்றைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. டிடாச்டு சொல்யூஷன்ஸ் குழுவின் மிராஜ்ஓஎஸ், ஃபிளாஷ் நினைவகத்தில் அமரும் பயன்பாட்டு நிரலாக வந்தது. கேபிளில் ஏற்றி, ஆப்ஸ் பொத்தானை அழுத்தி, பட்டியலில் தேர்ந்தால் நிறுவல் முடிந்தது. நினைவகத்தை அழிக்கும் அபாயம் இல்லை. கோப்புறைகளில் நிரல்களைப் பிரித்து வைக்கலாம். அயானுக்கு எழுதியவையும் அதில் ஓடின.

மிராஜ்ஓஎஸ் நிரல் ஒன்றின் தொடக்க பைட்டுகளைப் பார்த்தால் இந்த மரபின் கவனம் புரியும். முதலில் இது பொறிமொழி நிரல் என்ற அடையாளம் இரண்டு பைட்டில். அடுத்த கட்டளை வெறும் ‘திரும்பு’. ஷெல் இல்லாமல் யாராவது தவறுதலாக ஓட்டினால், நிரல் ஒன்றும் செய்யாமல் வந்த வழியே திரும்பிவிடும், கருவி உறைந்துபோகாது. ஷெல் மட்டும் அந்த பைட்டைத் தாண்டி உள்ளே நுழையும். பிறகு 15-க்கு 15 புள்ளிகளில் ஒரு சின்னம், 30 பைட். பிறகு நிரலின் விவரம். அதன்பின்தான் வேலை தொடங்கும். முன்பின் பார்த்திராத பயனரின் கருவி கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையைத் தலைப்பிலேயே எழுதிவைத்தவர்கள் இவர்கள்.

தமிழ்நாட்டில் இந்த அலை ஏன் எழவில்லை? அறிவுக் குறை காரணமல்ல. நம் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் 8085 நுண்செயலிப் பயிற்சிக் கிட்டின் முன் நின்று, 4100 என்ற முகவரியில் தொடங்கி, ஹெக்ஸ் குறிகளை விசைவிசையாக அழுத்திப் பழகியவர்கள். அந்த 8085-க்கு முன்னோடியான இன்டெலின் 8080-ஐ வடிவமைத்த ஃபெடரிகோ ஃபேகின் வெளியேறி சைலாக் நிறுவனத்தைத் தொடங்கி, 1976-இல் இசட்80-ஐக் கொண்டுவந்தார். 8080-க்கு எழுதிய நிரல்கள் அதிலும் ஓட வேண்டும் என்பது திட்டம். அதனால் 06 என்றால் பி பதிவேட்டில் எண்ணை இடு, 80 என்றால் கூட்டு, 32 என்றால் விடையை நினைவகத்தில் வை, 76 என்றால் நில். கிட்டிலும் இதே பொருள், டிஐ-85-இலும் இதே பொருள். நாகர்கோவில் ஆய்வகத்தில் இரண்டு எண்களைக் கூட்டிய மாணவர் அறியாமலேயே அமெரிக்கப் பள்ளி மாணவரின் மொழியைப் பேசிக்கொண்டிருந்தார்.

வாசலை அடைத்தது தேர்வறை. பள்ளியில் மடக்கை அட்டவணை, கல்லூரியில் நிரல் எழுத இயலாத அறிவியல் கால்குலேட்டர் என்பதே இங்கே நடைமுறை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் திரையிலேயே ஒரு கால்குலேட்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். தேர்வுக்கு உதவாத விலை உயர்ந்த கருவியை எந்தக் குடும்பமும் வாங்காது. ஆய்வகக் கிட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பீரியட் முடிந்து மின்சாரத்தை நிறுத்தினால், ரேமில் இட்ட நிரலும் போய்விடும். நண்பனிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஷெல் வளர்ந்தது கைமாற்றத்தால்; அந்தக் கைமாற்றம் இங்கே நிகழவில்லை என்பதையே நான் முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

தமிழ்ப் பிள்ளைகளின் பைக்குள் இக்கருவி இயல்பாக இடம்பெற்ற ஊர் சிங்கப்பூர். அங்கே தொடக்கக் கல்லூரி எச்2 கணிதத்துக்கு கிராஃபிங் கால்குலேட்டர் தேவை. ஆனால் தேர்வுக்கு முன் நினைவகத்தை ரீசெட் செய்தாக வேண்டும். உலகெங்கும் ஷெல்லுக்கும் தேர்வாளருக்கும் இடையிலான இழுபறி இந்த இடத்தில்தான். ரேமை மட்டும் அழித்தால் ஃபிளாஷில் உள்ளது தப்பிவிடும். அழிந்ததுபோலப் போலித்திரை காட்டும் நிரல்களும் எழுதப்பட்டன. இந்த ஏமாற்று ஷெல் மரபுக்குச் செய்த கேடு பெரிது.

இன்னொரு இழுபறி நிறுவனத்தோடு. 2009-இல் பெஞ்சமின் மூடி, நிறுவனம் ஒப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் கருவி ஏற்கும்படி வைத்திருந்த டிஐ-83 பிளஸ் கையொப்பச் சாவியான 512 பிட் ஆர்எஸ்ஏ எண்ணை ஒரே கணினியில் 73 நாளில் காரணிப்படுத்தினார். நிறுவனத்தின் மற்றக் கருவிகளுக்கான சாவிகளைத் தன்னார்வலர்கள் பல கணினிகளைக் கூட்டி உடைத்தார்கள். நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை அனுப்ப, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. சொந்தமாக வாங்கிய கருவியில் விரும்பிய இயங்குதளத்தை ஏற்றுவது குற்றமாகாது என்ற அதன் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அடுத்த அடி 2020-இல். டிஐ-84 பிளஸ் சிஇ குடும்பக் கருவியின் தேர்வுப் பயன்முறையைத் தாண்டும் வழியைக் காட்டும் காணொளி வெளியானதும், இயங்குதளத்தின் புதிய பதிப்பில் பொறிமொழி நிரல்களை ஓட்டும் வசதியையே நிறுவனம் நீக்கியது. தேர்வோடு தொடர்பில்லாத நிரல்களும் அதோடு முடங்கின. அதே ஆண்டில் ஆர்டிஃபிஸ் வந்தது. கருவியோடு வரும் காப்ரி ஜூனியர் என்ற வடிவியல் பயன்பாட்டு நிரலுக்குள் ஒரு கோப்பைத் திறக்கச் செய்து, அதன் வழியாகச் செயலியைக் கைப்பற்றும் முறை அது. அதைத் திறந்த பின் செசியம் என்ற ஷெல் பழையபடி ஓடியது.