ஹாட் காபி: பூட்டி வைத்த ஒரு அறையின் கதை

அமெரிக்காவில் கேம் டப்பா மேல் 'எம்' என்றிருந்தால் 17 வயதுக்கு மேல், 'ஏஓ' என்றால் 18. இந்த ஒரு வயசு இடைவெளியில் ராக்ஸ்டார் கம்பெனி மாட்டி முழித்த கதை இது.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. காதலி காபிக்குக் கூப்பிடுவாள், ஹீரோ உள்ளே போவான், கேமரா வாசலிலேயே நின்றுவிடும். (நம்ம பழைய படங்களில் ரெண்டு பூ முட்டிக்கொள்ளுமே, அதே டெக்னிக்!) 2005 ஜூனில் கம்ப்யூட்டருக்கு வந்ததும், பேட்ரிக் வில்டன்போர்க் என்ற நெதர்லாந்துக்காரர் ஒரு மோட் வெளியிட்டார். உள்ளே நடப்பதெல்லாம் ஏற்கெனவே கேமில் இருந்தது. அவர் பூட்டைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஹேக்கர்கள் வேலை என்றது ராக்ஸ்டார். ஆனால் பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் வெளியாள் எதையும் எழுதிச் சேர்க்க முடியாதே? சீட் கோடு போட்டால் அதிலும் காட்சி வந்தது. கோடு எழுதிப் பிழைக்கிற நமக்குத் தெரியாதா, நீக்குவது வேறு, கமெண்ட் போட்டு விடுவது வேறு என்று.

ஜூலை 20, ரேட்டிங் 'ஏஓ' ஆனது. பெரிய கடைகள் டப்பாவைத் தூக்கிவிட்டன. அடுத்து வந்த கம்ப்யூட்டர் பதிப்பில் காட்சி போச்சு, கூடவே மோட் போடும் வழியும் அடைபட்டது. ஏதோ புதுசா ஒரு மிஷன் சேர்க்கலாம் என்றிருந்த பசங்களுக்கும் சேர்த்து ஆப்பு! அதன்பின் மோட் ஓடவில்லை என்றால் முதல் கேள்வியே, 'உன் வெர்ஷன் என்ன?' பழைய 1.0க்குத் திரும்ப ரசிகர்களே பேட்ச் எழுதினார்கள்.

வழக்குப் போட்டவர்களில் 85 வயது நியூயார்க் பாட்டி ஒருவரும் உண்டு. பேரனுக்கு வாங்கிக் கொடுத்தாராம். பேரனுக்கு வயசு 14.