ஓசூரின் தொழில் வளர்ச்சி: நல்வாய்ப்பும் உழைப்பும்

வெற்றிக்குக் காரணம் அதிர்ஷ்டமா, உழைப்பா என்பது நம் பட்டிமன்றங்களில் ஓயாத கேள்வி. திருக்குறளில் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. 38ஆம் அதிகாரமான ‘ஊழ்’ விதியின் வலிமையைச் சொல்கிறது. 62ஆம் அதிகாரமான ‘ஆள்வினையுடைமை’ தளராத முயற்சியின் முன் ஊழும் பின்வாங்கும் என்கிறது. இவ்விரண்டும் ஓர் ஊரின் வாழ்வில் எப்படிச் சேர்ந்து செயல்பட்டன என்பதற்கு ஓசூரின் வரலாறு நல்ல சான்றாகும்.

எல்லை தந்த வாய்ப்பு

ஓசூர் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பெங்களூர் இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இரண்டு ஊர்களுக்கும் தட்பவெப்பம் ஒன்றே. ஆட்சி மட்டும் வேறு. இதற்குக் காரணம் போர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கம்பெனியிடம் வந்து, சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. பெங்களூர் மைசூர் அரசிலேயே இருந்தது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. பின்னர் 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இடம்பெற்றது.

இவற்றில் எதுவும் ஓசூர் மக்கள் உழைத்துப் பெற்றதன்று. ஆயினும் பிற்காலத்தில் அந்த எல்லைக்கோடே அவர்களுக்குச் செல்வமானது. 1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்தங்கிய மாவட்டம் என்பதால் இங்கு வரும் ஆலைகளுக்குச் சலுகைகள் கிடைத்தன. பொதுத்துறை ஆலைகளால் வளர்ந்திருந்த பெங்களூரிலிருந்து பொறியாளர்களையும் உதிரிபாகங்களையும் எளிதில் பெற முடிந்தது. நெடுஞ்சாலை ஊர் வழியாகவே சென்றது. 1980இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே காலத்தில் வந்தது.

இரண்டு கடிகார ஆலைகள்

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகார ஆலையைத் தொடங்கியது. பல ஆண்டுகள் இந்தியச் சந்தை அதன் கையில் இருந்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தை உருவாக்கின. அதன் ஆலை ஓசூரில் அமைந்தது. ஜெர்க்சஸ் தேசாய் தலைமையில் அந்நிறுவனம் குவார்ட்ஸ் கடிகாரத்தை முதன்மையாக்கியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே பெரிதும் நம்பியிருந்தது. காலம் மாறியது. 2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

எச்.எம்.டி. தொழிலாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அங்கு தொழில் கற்ற பலரே ஓசூருக்கு வந்து டைட்டனை வளர்த்தனர். ஒரே கைத்திறன் ஓர் ஆலையில் வளர்ச்சியையும், மற்றோர் ஆலையில் வேலையிழப்பையும் கண்டது. எந்தக் கடிகாரம் செய்வது என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. நிருவாகத்தின் அந்த முடிவு தொழிலாளியைப் பொறுத்தவரை அதிர்ஷ்டமே.

உழைப்பின் பங்கு

அப்படியானால் உழைப்புக்கு மதிப்பில்லையா? உண்டு. டைட்டன் ஆலை பள்ளிப் படிப்பை முடித்த சுற்றுவட்டார இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி அளித்தது. ஆலையையே பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள், கண்ணுக்கு எளிதில் தெரியாத திருகாணிகளைப் பொருத்தக் கற்றனர். 2002இல் அங்கு உருவான ‘எட்ஜ்’ கடிகாரத்தின் தடிமன் 3.5 மி.மீ. மட்டுமே; உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மி.மீ.

டி.வி.எஸ். நிறுவனம் 2001இல் சுசுகியிடமிருந்து பிரிந்தது. அதே ஆண்டில் தானே வடிவமைத்த ‘விக்டர்’ மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. 2002இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. நல்வாய்ப்பு வந்தது 1970களில். இச்சாதனைகள் வந்தது 2002இல். இடைப்பட்ட காலம் முழுவதும் உழைப்பின் காலம்.

அதே உழைப்பு, வேறு பலன்

ஓசூருக்கு அருகிலுள்ள தளியும் குளிர்ச்சியான மேட்டுநில ஊர்தான். தேசிய நெடுஞ்சாலை அவ்வழியே செல்லவில்லை. அது வேளாண் ஊராகவே நீடித்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் மா விவசாயிகள் ஆண்டு முழுவதும் தோப்பைக் காக்கிறார்கள். மழை பொய்த்தால் காய் இல்லை. காய் மிகுந்தால் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகத்தின் விலை சரிகிறது. அவர்கள் உழைப்பு ஆலைத் தொழிலாளியின் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

மாணவர் அறிய வேண்டியது

‘உழைத்தால் போதும்’ என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், தோற்றவர் எல்லாரும் சோம்பேறிகள் என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். ‘எல்லாம் விதி’ என்றால் கையில் கிடைத்த வாய்ப்பும் வீணாகும். ஓசூர் காட்டும் உண்மை இது: உழைப்பு ஒவ்வொருவரின் பொறுப்பு; வாய்ப்பை எல்லார் வாசலுக்கும் கொண்டுசெல்வது அரசின், சமூகத்தின் பொறுப்பு. சிப்காட் தொடங்கியதும், கிராமத்துப் பிள்ளைகளை ஆலையில் சேர்த்ததும் மனிதர் எடுத்த முடிவுகளே. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை முழுவதும் பெண்களைக் கொண்டே இயங்கும் என்று அறிவிக்கப்பட்டதும் அவ்வகையே. ஒருவருக்கு நல்லூழாகத் தோன்றுவது, பல நேரங்களில் மற்றொருவர் முன்பே செய்துவைத்த ஏற்பாடாகும்.